பூச்சி சொன்ன சாட்சி

சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசியைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த சருகு போல இருக்கும். பெயரில் பாசி இருந்தாலும் அது வெறும் பாசியன்று, லைக்கன் ஆகும். லைக்கனில் பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கையினால் உணவு தயாரிக்கிறது. பூஞ்சை அதற்கு உறைவிடம் தந்து, ஈரத்தைக் காத்துக் கொடுக்கிறது.

பண்டைக் காட்டு மரங்களிலும் லைக்கன்கள் படர்ந்திருந்தனவா? விடை காண்பது எளிதன்று. லைக்கனுக்கு எலும்பு இல்லை, ஓடு இல்லை, கட்டையும் இல்லை. இறந்ததும் மட்கிவிடும். ஆகவே அதன் புதைபடிவம் கிடைப்பது அரிது.

சீனாவின் உள் மங்கோலியாவில் தாவோஹுகோ என்னும் சிற்றூர் உள்ளது. சுமார் 16½ கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், அங்கே ஏரி இருந்தது. எரிமலைச் சாம்பலும் மெல்லிய சேறும் அதன் அடியில் படிந்து பாறையாயின. மென்மையான உயிர்களும் அதில் நுட்பமாகப் பதிந்தன. அப்பாறையில் கிடைத்த ஒன்றை, லைக்கனாக இருக்கலாம் என 2010-இல் அறிவித்தனர். அதன் பெயர் தாவோஹுகோதாலஸ். பின்னர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது பூஞ்சை இழைகளும் பாசி உயிரணுக்களும் தென்பட்டன.

சில படிவங்களைக் கொண்டு, காட்டில் லைக்கன் மிகுந்திருந்தது என்று கூறிவிடலாமா? இங்கேதான் ஒரு பூச்சி சாட்சி சொல்கிறது. அதே இடத்துப் பாறையில் கண்ணாடி இறக்கைப் பூச்சி இனம் ஒன்றின் படிவங்கள் கிடைத்தன. அவற்றின் இறக்கைகளில் கிளைகிளையாகப் பிரியும் திட்டுகள் இருந்தன. அவை தாவோஹுகோதாலஸின் கிளைகளை அப்படியே ஒத்திருந்தன! இது 2020-இல் வெளியான செய்தி.

இப்போது சிந்தியுங்கள். லைக்கன் போல வேடமிட்ட பூச்சி, லைக்கன் இல்லாத கிளையில் அமர்ந்தால் என்ன ஆகும்? எதிரியின் கண்ணில் உடனே பட்டுவிடும். வேடம் பலிக்க வேண்டுமானால் லைக்கன் தாராளமாக இருக்க வேண்டும். மேலும், இத்தகைய வேடம் ஒரே நாளில் வருவதன்று; இயற்கைத் தேர்வினால் பல தலைமுறைகளில் உருவாவது. ஆகவே பூக்கும் மரங்கள் பரவுவதற்கு முன்பே, அக்காட்டில் லைக்கன்கள் நெடுங்காலம் படர்ந்து, பூச்சிகளுக்குப் புகலிடமாக இருந்தன என்று கொள்ளலாம்.

ஓர் உயிரின் தடயம் அதன் உடலில் மட்டுமன்று, அதனுடன் வாழ்ந்த மற்றோர் உயிரின் உடலிலும் இருக்கலாம் அன்றோ? லைக்கன் படர்ந்த மரப்பட்டையைக் கண்டால் சற்று நின்று கூர்ந்து நோக்குங்கள். அங்கே பூச்சி ஏதும் ஒளிந்திருக்கிறதா?