பூட்ட மறந்தீர்களா, பூட்டியதை மறந்தீர்களா?

கேள்வி: மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. 'ஐ என்ஜாய் டு ரீட்' என்று எழுதினால் தப்பு, 'ரீடிங்' என்றுதான் வர வேண்டும் என்கிறார்கள். 'ஐ வான்ட் ரீடிங்' என்று எழுதினால் அங்கே 'டு' வேண்டுமாம். பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?
- வாசகி, மேலூர்

பதில்: பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தோழியோடு விளக்குத்தூண் பக்கம் போகிறீர்கள். 'ஜிகர்தண்டா குடிக்க நின்றோம்' என்பதும் 'ஜிகர்தண்டா குடிப்பதை நிறுத்தினோம்' என்பதும் ஒன்றா? முன்னது 'ஸ்டாப்டு டு டிரிங்க்'. பின்னது 'ஸ்டாப்டு டிரிங்கிங்', அந்தப் பழக்கமே போய்விட்டது. 'குடிக்க' என்பது பள்ளியில் படித்த வினையெச்சம். இனி செய்யப்போவதை நோக்கி நிற்கும். 'குடிப்பது' பெயராகிவிட்டது, அதனால்தான் 'ஐ' உருபை ஏற்கிறது. 'இங்' செய்யும் வேலையும் அதுதான்.

'கதவைப் பூட்ட மறந்தேன்' என்றால் வீடு திறந்து கிடக்கிறது: 'ஃபர்காட் டு லாக்'. 'பூட்டியதை மறந்தேன்' என்றால் பூட்டு தொங்குகிறது, நினைவில்தான் இல்லை: 'ஃபர்காட் லாக்கிங்'.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் 'மறு'. பணம் தர மறுத்தான். பணம் எடுத்ததை மறுத்தான். நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்துக்கு இரண்டு: 'ரெஃப்யூஸ்டு டு கிவ்', 'டினைடு டேக்கிங்'. 'ஹி டினைடு டு கிவ்' என்ற பிழை இங்கேதான் பிறக்கிறது. 'ஒத்துக்கொள்' என்பதும் அப்படியே. வர ஒத்துக்கொண்டான், 'அக்ரீட் டு கம்'. எடுத்ததை ஒத்துக்கொண்டான், 'அட்மிட்டட் டேக்கிங்'. எந்த ஆங்கில வினை வேண்டும் என்பதையே தமிழ் ஈறு காட்டிக்கொடுக்கிறது. வகுப்பில் இதை யாரும் சொல்லித்தராதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு புது மொழிக்குள் போவது புதிதல்ல. மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார் வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. ஐரோப்பியப் பாதிரியார்கள் தாங்கள் அறிந்த மொழி வழியாக நம் மொழிக்குள் வந்தார்கள். நாமும் தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குள் போகலாம்.

ஆனால் தமிழ் ஈறு என்ற இந்த உரைகல் சில இடங்களில் ஏமாற்றும். உங்கள் 'என்ஜாய்' அவற்றில் ஒன்று. 'படிக்கப் பிடிக்கும்' என்று மனத்தில் ஓடியதால் 'டு' வந்துவிட்டது. 'படிப்பதை ரசிக்கிறேன்' என்று மாற்றிப் பாருங்கள், 'ரீடிங்' வந்துவிடும். எழுதி முடித்தேன் என்பது 'ஃபினிஷ்டு ரைட்டிங்'. பேசிக்கொண்டே இருந்தான் என்பது 'கெப்ட் டாக்கிங்'. போகலாம் என்றாள் என்பது 'சஜெஸ்டட் கோயிங்'. இந்த மூன்றிலும் 'க்க'வும் இல்லை, 'வதை'யும் இல்லை. மேலூர் பஸ்ஸில் மனப்பாடம் செய்ய இவை போன்றவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.