கார் மேல் தெறித்த பெயின்ட்

கேள்வி: பக்கத்து வீட்டுக்கு ஸ்பிரேயில் பெயின்ட் அடித்தபோது என் கார் முழுக்கப் பொடிப்பொடியாகத் தெறித்துவிட்டது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா? (வாசகர், எம். புதுப்பட்டி)

பதில்: தின்னர் வேண்டவே வேண்டாம். சிவகாசி அச்சகங்களில் மை கழுவும் திரவத்தையும் யாராவது தரலாம், அதையும் தவிர்த்துவிடுங்கள். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட், தலைமுடியின் தடிமன்கூட இல்லாத படலம். தின்னர் அதை மங்கடித்துவிடும். ஹெட்லைட், பம்பர் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

முதலில் அது எமல்ஷனா, எனாமலா என்று பெயின்டரிடம் கேளுங்கள். எமல்ஷன் என்றால் வெதுவெதுப்பான ஷாம்பு நீரில் நனைத்த துணியைப் புள்ளிகள் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பெரும்பாலும் இளகிவிடும். உங்கள் ஊர் வெயிலில் காய்ந்த தகட்டில் இதைச் செய்யாதீர்கள். காலையில், நிழலில் செய்யுங்கள்.

மிஞ்சியதற்கும் எனாமலுக்கும் கார் கடைகளில் கிடைக்கும் கிளே பார்தான் நல்ல வழி. பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பு நீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். அழுக்கேறினால் மடித்துப் புதுப்பக்கத்தால் தேய்க்கலாம். தரையில் விழுந்த கிளேயை எறிந்துவிடுங்கள். ஒட்டிய மண் கீறிவிடும். பிளேடால் சுரண்ட வேண்டாம். கடைசியில் வாக்ஸ் போடுங்கள், கிளே பழைய வாக்ஸையும் எடுத்திருக்கும்.

ஒரு வேண்டுகோள்: நீங்கள் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர் என்றால், அங்கே போட்டுச்சென்ற உடையோடு பெட்ரோல், டர்பன்டைன் எதையும் கையில் எடுக்காதீர்கள்.