மொத்தத் தொகையா, மாதத் தொகையா?

சென்ற மாதம் டில்லி ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர்ப் படிக்கட்டில் சந்தித்த இளைய ஜவான் ஒருவன், கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்தும் படையிலேயே வைத்துக்கொள்ளப்பட்டவன், மாமனாரும் யூனிட்டுத் தோழர்களும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்களென்று, ஊனத்துக்கு ஈடான மொத்தத் தொகையைக் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு, கிருஹப் பிரவேசத்துக்கு நாள் பார்க்கப் போவதாகச் சொன்னான். இவ்வழியை எண்ணியிருக்கும் மற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காயத்தால் படையை விட்டு அனுப்பப்படுகிறவனுக்கு யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பென்ஷனின் சேவைப் பகுதியும் ஊனப் பகுதியும் சேர்ந்து மாதாமாதம் வரும். மெடிக்கல் போர்டு 'சேவையால் நேர்ந்ததன்று' என்று எழுதிவிட்டால் இரண்டு அப்பீல்களும், அவற்றுக்கு மேல் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயமும் உண்டு. அதன் முதன்மை அமர்வும் இதே ராமகிருஷ்ணபுரத்தில்தான். 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது குறிக்கப்படாத நோய்க்குச் சேவையே காரணமன்று என்று நிரூபிக்கும் பாரத்தை அரசின் மேல் வைத்தது. இவையெல்லாம் பலர் நடந்து தேய்ந்த பாதைகள்.

ஆபத்து மொத்தத் தொகையில்தான் இருக்கிறது. ஊனத்தோடு படையில் தொடர்பவனுக்கே இந்தத் தேர்வு கிடைக்கிறது. ஒருமுறை வாங்கிவிட்டால் அதே ஊனத்துக்கு மாதப் பகுதி பிறகு எக்காலத்தும் இல்லை. பொறுத்திருந்து ஓய்வு பெறுகிறவனுக்கோ, ஊனம் நூற்றுக்கு நூறாயின், கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம், போர்க்காயமாயின் 60 சதவிகிதம், குறைந்த ஊனத்துக்கு அந்த விகிதப்படி மாதந்தோறும் வரும். சம்பளக் கமிஷன்தோறும் அது உயரும். 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வு பெற்றவனுடைய 40 சதவிகித ஊனத்தையும் 50 ஆக உயர்த்திக் கணக்கிட வழிசெய்தது. மொத்தத் தொகையோ ஊனம் நேர்ந்த காலத்துச் சம்பளத்தையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்பட்டு, அன்றோடு முடிந்துபோகும்.

என் பட்சபாதத்தை ஒளிப்பானேன்? சியாச்சின் பனியில் இரண்டு விரல்களை விட்டுவந்த நானும் அத்தொகையை வாங்கியவனே. பாதி ஒரு சீட்டுக் கம்பெனியோடு போயிற்று. மீதி தங்கையின் கல்யாணப் பந்தலோடு போயிற்று. சம்பளத்துக்குப் பழகிய கைக்குப் பெருந்தொகையை ஆளும் வித்தை பெரும்பாலும் வருவதில்லை. வியாபார புத்தி பிறவியிலேயே வாய்த்தவனும், ஆயுளைக் குறுக்கும் வியாதியுள்ளவனும் வேண்டுமானால் விதிவிலக்காகலாம். மற்றவர்கள் தங்கள் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்ளட்டும். ஆறு மாதம் பனிமுகட்டில் காவல் காத்த பொறுமை, காகிதத்தின் முன் உட்கார்ந்ததும் எங்கே போய்விடுகிறதோ!

தம்பிமாரே, கையெழுத்திடுமுன் மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகலை வாங்கி, பென்ஷன் விஷயம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மாமனாரிடம் அதற்குப் பிறகு காட்டலாம்.