மலையேறும் லேண்ட் ரோவரும் மேனிஃபோல்டு விரிசலும்

கேமரன் மலைக்குச் சென்றவர்கள் தேயிலைத் தோட்டங்களோடு இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். தோட்டத்துச் சாலைகளிலும் காய்கறிப் பண்ணைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள்தாம் அவை. 1948இல் அறிமுகமான இந்த வண்டியின் உடற்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. அதனால் மழை மிகுந்த மலையிலும் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆனால், எஞ்சினோடு இணைந்த ஓர் இரும்புப் பாகம் அடிக்கடி விரிசல் விடும். அதுவே எக்சாஸ்ட் மேனிஃபோல்டு.

மேனிஃபோல்டு என்ன செய்கிறது?

எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வெளியேறும் சூடான புகையை ஒன்றுசேர்த்து ஒரே குழாய்க்குள் அனுப்புவது இதன் வேலை. பழைய வண்டிகளில் இது வார்ப்பிரும்பால் செய்யப்பட்டது. வார்ப்பிரும்பில் ஏறக்குறைய 2.5 முதல் 4 விழுக்காடு கரிமம் உண்டு. அக்கரிமம் மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவியிருக்கும். அழுத்தும் விசையை வார்ப்பிரும்பு நன்றாகத் தாங்கும். இழுவிசையை அந்த அளவுக்குத் தாங்காது.

ஏன் விரிசல் விடுகிறது?

வகுப்பில் படித்த வெப்ப விரிவை இங்கே பயன்படுத்துவோம்.

விரிவு = விரிவுக் கெழு × நீளம் × வெப்பநிலை உயர்வு

50 செ.மீ. நீளமுள்ள ஒரு மேனிஃபோல்டு 20 பாகை செல்சியசிலிருந்து 520 பாகைக்குச் சூடாகிறது என்று கொள்வோம். வார்ப்பிரும்பின் விரிவுக் கெழு, ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.000011.

500 மி.மீ. × 0.000011 × 500 = 2.75 மி.மீ.

மேனிஃபோல்டு பொருத்தப்பட்டுள்ள சிலிண்டர் தலைப்பகுதியோ நீரால் குளிர்விக்கப்படுகிறது. அது 90 பாகை அளவில் நின்றால், அதே நீளத்துக்கு விரிவு 0.4 மி.மீ. கூட இல்லை. ஒன்று நீளப் பார்க்கிறது. மற்றொன்று போல்ட்டுகளால் அதைப் பிடித்து வைக்கிறது. விரிய இடமில்லாமல் சூடான இரும்பு சற்றே நசுங்கிவிடுகிறது. வண்டி நின்று குளிரும்போது அது முன்பைவிடச் சுருங்கப் பார்க்கும். போல்ட்டுகள் மீண்டும் தடுக்கும். இப்போது அதன்மேல் செயல்படுவது இழுவிசை. ஏற்றத்தில் கொதித்து, மலைக்குளிரில் ஆறி, இப்படிப் பலமுறை நடந்தால் விரிசல் பிறக்கிறது.

எப்படிக் கண்டறிவது?

காலையில் எஞ்சினை முடுக்கியதும் 'டிக் டிக்' என்ற ஓசை கேட்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து விரிசல் நெருங்குவதால் ஓசை குறையலாம். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும்.

ஓசை குறைந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைகிறது. தலைவலி, மயக்கம், உயிரிழப்பு வரை போகலாம். குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டும் மலைப்பகுதியில் இந்த ஆபத்து கூடுகிறது.

பட்டறையில் நடப்பது

1. துருப்பிடித்த நட்டுகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, மெதுவாகக் கழற்றுவார்கள். அவசரப்பட்டால் போல்ட் முறிந்துவிடும்.

2. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை இடுவார்கள். கூரிய முனையில் விசை குவியும்; வட்டமான துளையில் அது பரவிவிடும். ஆகவே விரிசல் மேலும் ஓடாது.

3. விரிசல் நெடுகிலும் சாய்வான பள்ளம் தேய்த்து, எண்ணெயும் கரியும் போகத் துடைப்பார்கள்.

4. பாகம் முழுவதையும் சீராகச் சூடாக்கிய பின், நிக்கல் கம்பி கொண்டு சிறிது சிறிதாகப் பற்றவைப்பார்கள். சாதாரண எஃகுக் கம்பி வார்ப்பிரும்பின் கரிமத்தை உறிஞ்சிக் கடினமாகி நொறுங்கும். நிக்கல் மென்மையாக இருந்து இழுப்புக்கு இடம்கொடுக்கும்.

5. உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுவார்கள். நீரூற்றினால் பக்கத்திலேயே புதிய விரிசல் விழும்.

6. பொருந்தும் முகம் சமதளமாக உள்ளதா என்று பார்த்து, தேவையானால் சீவி, புதிய கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக முடுக்குவார்கள்.

முகம் வளைந்திருந்தாலும், முடுக்கம் சீராக இல்லாவிட்டாலும், பழுதுபார்த்த பாகம் மீண்டும் விரிசல் விடும். விரிசலை மூடுவதோடு, அதை உண்டாக்கிய காரணத்தையும் நீக்கினால்தான் வேலை முடியும்.

செய்து பாருங்கள்

(பற்றவைப்பைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். இதை மட்டும் நீங்கள் செய்யலாம்.)

ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாள் துண்டுகளின் ஓரத்தில் ஒரே நீளத்துக்குக் கத்தரியால் வெட்டுங்கள். ஒன்றில் மட்டும் வெட்டின் முனையில் காகிதத் துளைப்பானால் வட்டத் துளை இடுங்கள். இரண்டையும் வெட்டுக்கு இருபுறமும் பிடித்து இழுங்கள். எது எளிதில் கிழிகிறது? ஏன்?

சிந்திக்க

மேனிஃபோல்டின் போல்ட் துளைகளைப் போல்ட்டின் தடிமனைவிடச் சற்றே பெரிதாக அமைப்பது ஏன்? பாலங்களில் விடப்படும் இடைவெளியோடு ஒப்பிட்டு விடை எழுதுங்கள்.