எழுத்தைச் சிதைக்காத கருவித்தொகுதி எது?

கணினித் திரையில் நாம் அழுத்தும் பொத்தானையும் எழுதும் பெட்டியையும் தெரிவுசெய்யும் பட்டியலையும் ஒவ்வொரு செய்நிரலரும் புதிதாக வரைவதில்லை. அவற்றை ஆயத்தமாகத் தருவது கருவித்தொகுதி. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எமக்குப் பைதன் மொழி பழக்கமானது. அதில் கட்டளை எழுதத் தெரிந்ததும் எழும் கேள்வி, எந்தக் கருவித்தொகுதியைத் தெரிவது என்பதாகும்.

பாடசாலை நூலகத்தில் இரவல் நூல்களைப் பதியும் மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். அங்கே தமிழ், சிங்களம், அறபு ஆகிய மும்மொழி நூல்களும் உண்டு.

முதலில் நினைவுக்கு வருவது டிகின்டர். ஜோன் ஒஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே என்ற தொகுதியைப் பைதனில் பயன்படுத்த உதவுவது இது. விண்டோஸ் கணினியில் பைதனை நிறுவும்போதே உடன் வந்துவிடும். நான்கைந்து வரிகளில் ஒரு சாளரத்தைத் திறக்கலாம். கற்கத் தொடங்குபவருக்கு இதையே நான் சொல்வேன்.

ஆனால் நூலகத்துக்கு அது போதுமா? ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கணினி முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும் சேமிக்கிறது. திரையிலோ அக்குறி பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். அறபு எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து வலமிருந்து இடமாகச் செல்ல வேண்டும். இந்த ஒழுங்கமைப்பை விண்டோஸ் தானே செய்துகொடுக்கிறது. லினக்ஸ் கணினியில் டிகே 8.6 பதிப்பு அதைச் செய்வதில்லை. கொம்பு தன் இடத்தில் நிற்காது. அறபு எழுத்துகள் தனித்தனியாகிவிடும்.

1995இல் நோர்வே நாட்டவர் வெளியிட்ட கியூட்டியும், ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்காகப் பிறந்த ஜிடிகேயும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்புப் பொறியைப் பயன்படுத்துகின்றன. எனவே மும்மொழியும் லினக்ஸிலும் சரியாகத் தெரியும். கியூட்டி அளவிற் பெரியது. கற்கவும் கூடுதல் காலம் வேண்டும்.

அனுமதிப்பத்திரத்தையும் வாசிக்க வேண்டும். கியூட்டியைப் பைதனில் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. பைகியூட்டி ஜி.பி.எல். நிபந்தனையில் கிடைக்கிறது. அதைக் கொண்டு எழுதிய மென்பொருளைப் பிறருக்கு வழங்கினால் எமது மூலநிரலையும் அதே நிபந்தனையில் வழங்க வேண்டும். இல்லையேல் பணம் செலுத்தி வேறு அனுமதி பெற வேண்டும். பைசைட் எல்.ஜி.பி.எல். நிபந்தனையில் வருவதால், அதன் விதிகளைப் பேணி எமது நிரலை எம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே பயிற்சிக்கு டிகின்டர், நூலகத்துக்குப் பைசைட் என்பதே என் தெரிவு. சகோதரிகளே, நீங்கள் எதைத் தெரிந்தாலும், மென்பொருள் இயங்கப்போகும் அதே கணினியில் ஒரு சிறு சாளரத்தைத் திறந்து மும்மொழியிலும் ஒவ்வொரு பெயரை எழுதிப் பாருங்கள். இரவல் பெற வரும் மாணவி தன் பெயரைத் திரையில் பிழையின்றிக் காண வேண்டும். அவள் பெயரையே சிதைக்கும் மென்பொருளில் பொத்தான்கள் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.