மிஞ்சும் காய்கறிகளை வீட்டிலேயே உறைய வைத்துப் பாதுகாத்தல்

தை மாதம் வந்துவிட்டால் மொச்சை சந்தையில் குவிகிறது. பொங்கலுக்கு முதல்நாள் வரை நல்ல விலை; பொங்கல் கழிந்த வாரத்தில் எடுப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் காணாது. பட்டாணி, பீன்ஸ், காலிபிளவர், தக்காளி ஆகியவற்றின் கதையும் இதுதான். விலை கட்டவில்லை என்று காயைச் செடியிலேயே முற்ற விட்டவர்களும், மாட்டுக்குக் கொட்டியவர்களும் நம்மில் பலர். அதே குடும்பம் ஆனி, ஆடியில் அதே காயைக் கடையில் இரட்டிப்பு விலைக்கு வாங்க நேரிடுகிறது.

மிஞ்சும் காயை வற்றலாக்கி வைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். கொத்தவரை, சுண்டை, பாகல், மிளகாய் ஆகியவற்றிற்கு அதைவிடச் சிறந்த முறை கிடையாது. ஆனால் பச்சை மொச்சையையும் பச்சைப் பட்டாணியையும் காய வைத்தால் அவை பயறு ஆகிவிடுகின்றன; பச்சைக் காயின் சுவை கிடைப்பதில்லை. பிரிட்ஜ் என்று வழங்கும் குளிர்பதனப் பெட்டி இன்று கிராமத்து வீடுகள் பலவற்றிலும் இருக்கிறது. அதன் உறைபெட்டியில் பனிக்கட்டித் தட்டும் ஐஸ்கிரீமும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. அந்த இடத்தை முறையாகப் பயன்படுத்தினால் தை மாதத்து மொச்சையைப் புரட்டாசியிலும் குழம்பு வைத்து உண்ணலாம். வெளிநாடுகளில் நம்மவர் கடைகளில் முருங்கைக்காய்த் துண்டும், உரித்த சின்ன வெங்காயமும், தேங்காய்த் துருவலும் இவ்விதம் உறைந்த நிலையில்தான் விற்கப்படுகின்றன.

உங்கள் பெட்டி ஏற்றதுதானா?

காய்கறிகளை மாதக்கணக்கில் வைத்திருக்கப் பூச்சியத்திற்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடு குளிர் வேண்டும். இரண்டு கதவு உள்ள பெட்டிகளின் மேல்தட்டில் பெரும்பாலும் இந்தக் குளிர் கிடைக்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியினுள் இருக்கும் சிறிய பனிக்கட்டி அறையில் பொதுவாக இது கிடைக்காது. அதில் வைத்த காயைச் சில வாரங்களுக்குள் எடுத்துப் பயன்படுத்திவிட வேண்டும். பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைக் கண்டு ஏமாற வேண்டாம். அவை மின்சிக்கனத்தைக் காட்டுபவை, குளிரின் அளவைக் காட்டுபவை அல்ல. சிறிய வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்ப்பது நல்லது. அது இல்லாதவர்கள் ஐஸ்கிரீம் வைத்துப் பார்க்கலாம். கல்போல் இறுகி நின்றால் குளிர் போதுமானது; கரண்டி எளிதில் இறங்கினால் போதாது.

இதற்கெனத் தனியாக டீப் பிரீசர் வாங்குவது சிறு குடும்பத்திற்குக் கட்டுபடியாகாது. உள்ளதைக் கொண்டு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

மொச்சை, பட்டாணி, பச்சைத் துவரை, பீன்ஸ், கேரட், காலிபிளவர், இனிப்பு மக்காச்சோளம், கீரைகள் ஆகியவை இம்முறைக்கு நன்கு ஏற்றவை. வெள்ளரி, முள்ளங்கி ஆகியவற்றைப் பச்சையாக உண்பதற்கென உறைய வைத்துப் பயனில்லை. உருகியதும் துவண்டு நீராகிவிடும். வெண்டையையும் கத்தரியையும் உறைய வைக்க முடியும் என்றாலும், நம் ஊரில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் காய்களுக்கு இடத்தை வீணாக்குவது அறிவுடைமை ஆகாது. பருவம் தவறினால் கிடைக்காதது எது, கிடைத்தாலும் விலை ஏறுவது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தக்காளிக்குத் தனிச் சலுகை உண்டு. அதைக் கழுவித் துடைத்துக் காம்பை நீக்கி முழுதாகவே உறைய வைக்கலாம். வெந்நீரில் போட வேண்டியதில்லை. எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும். ரசத்திற்கும் குழம்பிற்கும் நன்றாக இருக்கும், வேறெதற்கும் ஆகாது. தேங்காய்த் துருவலையும் நறுக்கிய வெங்காயத்தையும் இவ்வாறே நேரடியாக வைக்கலாம்.

வெந்நீர்ப் பதம்

இம்முறையில் பலர் விட்டுவிடும் படி இதுதான். உரித்த மொச்சையைப் பையில் போட்டு அப்படியே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நிறம் மங்கி, வைக்கோல் வாடை அடிக்கிறது. பெட்டி சரியில்லை என்று பழி போடுகிறார்கள். குற்றம் பெட்டியினுடையது அன்று.

காய் பறித்த பின்னும் அதனுள் உயிர்ச் செயல்கள் நின்றுவிடுவதில்லை. என்சைம்கள் எனப்படும் நொதிப் பொருட்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன. செடியில் இருந்தபோது காயை முற்றச் செய்த அவையே, பறித்த பிறகு நிறத்தையும் மணத்தையும் சத்தையும் கெடுக்கின்றன. குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. கொதிநீரின் சூடுதான் அவற்றை முடக்கும். ஆகவே உறைய வைக்குமுன் காயைக் குறித்த நேரம் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும்.

அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் வீதம் வாயகன்ற பாத்திரத்தில் நன்கு கொதிக்க விடுங்கள். காயை மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்தோ கம்பிக் கூடையில் இட்டோ நீரில் முழுதும் அமிழ்த்தி மூடுங்கள். ஒரு நிமிடத்திற்குள் நீர் மீண்டும் கொதிக்க வேண்டும். கொதிக்கவில்லை என்றால் நீருக்கு மிஞ்சிய காயைப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த ஈட்டில் குறைத்துக் கொள்ளுங்கள். மீண்டும் கொதித்த நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம். மொச்சைக்குக் கொட்டையின் பருமனைப் பொறுத்து 2 முதல் 4 நிமிடம். நடுத்தரக் கொட்டைக்கு 3 நிமிடம் போதும். பீன்ஸ் 3 நிமிடம், வில்லைகளாக நறுக்கிய கேரட் 2 நிமிடம், காலிபிளவர்ப் பூத்துண்டுகள் 3 நிமிடம், கீரை 2 நிமிடம். மக்காச்சோளத்தைக் கதிராகவே 4 நிமிடம் இட்டு, ஆறிய பின் முத்துகளைச் சீவி எடுக்க வேண்டும். காலிபிளவரில் ஒளிந்திருக்கும் புழுக்களை அகற்ற, முன்னதாக அரைமணி நேரம் உப்புநீரில் ஊற வைப்பது அவசியம்.

நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும்; கண்மதிப்பு உதவாது. நேரம் கூடினால் காய் வெந்து சத்து நீரில் இறங்கிவிடும். நேரம் குறைந்தால் அதைவிடக் கேடு. அரைச்சூடு நொதிகளை முடக்காமல் தூண்டிவிடும். வெந்நீரே காட்டாமல் வைத்ததைவிட விரைவில் காய் கெடும்.

உதகை, கொடைக்கானல் பகுதி விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள அவ்வூர்களில் தண்ணீர் 100 டிகிரியை எட்டாமல் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே 1,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மேற்கண்ட ஒவ்வொரு நேரத்துடனும் ஒரு நிமிடம் கூட்டிக் கொள்ள வேண்டும். இட்லிப் பானையில் ஆவி காட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. காட்டலாம், ஆனால் ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும், நடுவில் உள்ள காய்க்குச் சூடு சரியாக ஏறாது. மொச்சைக்கும் பீன்சுக்கும் கொதிநீரே மேல்.

எடுத்த காயை உடனே பனிக்கட்டி இட்ட நீரில் அமிழ்த்துங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் இதற்குப் போதிய குளிர்ச்சி உடையவை அல்ல. ஒரு கிலோ காய்க்கு ஒரு கிலோ பனிக்கட்டி தேவைப்படும் என்பதால் முதல்நாளே உறைய வைத்துக் கொள்வது நல்லது. கொதிநீரில் எவ்வளவு நேரம் இட்டீர்களோ அவ்வளவு நேரம் குளிர்நீரிலும் இருக்கட்டும். பின்பு வடிதட்டில் கொட்டி, துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். மேலே ஒட்டிய நீர் உள்ளே போய்ப் பனியாகிக் காய்களைக் கட்டியாக்கிவிடும்.

விரைவாக உறைய வேண்டும்

கனடா நாட்டு லாப்ரடார் பகுதியில் 1912-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தங்கியிருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடிப்பொழுதில் உறைவதையும், பல நாள் கழித்தும் அது புதிய மீன்போல் இருப்பதையும் கண்டார். மெல்ல உறைந்த மீனில் அந்தச் சுவை இல்லை. இதை வைத்து 1920-களில் அவர் அமைத்த முறைகளிலிருந்தே இன்றைய உறைபதனத் தொழில் வளர்ந்தது. காரணம் எளிது. நீர் மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து காயின் திசுக்களைக் குத்திக் கிழிக்கின்றன. உருகும்போது சாறு வடிந்து காய் சொதசொதப்பாகிறது. விரைந்து உறைந்தால் துகள்கள் சிறியனவாக நிற்கின்றன.

நம் வீட்டுப் பெட்டிக்கு அத்தனை வேகம் இல்லை. ஆகவே அளவைக் குறைத்துத்தான் வேகத்தைப் பெற வேண்டும். உறைபெட்டியின் 28 லிட்டர் கொள்ளளவிற்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் புதிய காயை வைக்கக் கூடாது. 60 லிட்டர் உறைபெட்டி என்றால் நாளைக்கு 2 கிலோ. ஒரு மூட்டை மொச்சையை ஒரே நாளில் உரித்து உள்ளே அடைத்தால், புதியது உறையாததோடு முன்னரே உறைந்திருந்ததும் இளகிவிடும். நாலைந்து நாட்களாகப் பிரித்து, அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் காலையில் பறித்து அன்றே முடிப்பதே சரி. பட்டாணியிலும் மக்காச்சோளத்திலும் உள்ள இனிப்பு பறித்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்குவதால், இவற்றிற்கு இது மிகவும் பொருந்தும். சந்தையில் விற்காமல் திரும்பி வந்த வாடிய காயை உறைய வைக்க வேண்டாம். வைத்ததைவிட நல்லதாக அது திரும்பி வராது. பூச்சிமருந்து தெளித்திருந்தால் குறித்த காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே பறிக்க வேண்டும்.

ஈரம் ஒற்றிய காயைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி முதலில் உறைய விடுங்கள். கொட்டைகள் தனித்தனியே இறுகிய பின் பையில் கொட்டினால், வேண்டும்போது ஒரு பிடி மட்டும் எடுக்கலாம். பை தடித்த பாலித்தீனாக, காற்றும் ஈரமும் புகாததாக இருத்தல் வேண்டும். 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ள கேரி பைகள் சில வீடுகளில் இன்னும் புழங்குகின்றன. அவை இதற்கும் உதவாதவை. காற்றை அமுக்கி வெளியேற்றி இறுக மூடுங்கள். காற்று தங்கினால் காயின் ஈரம் உறிஞ்சப்பட்டு ஆங்காங்கே வெளுத்து நார்போல் ஆகிவிடும். ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பொட்டலமிட்டு, காயின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பின் மொச்சைக்கும் பச்சைத் துவரைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மேற்சொன்ன குளிரில் 8 மாதம் முதல் ஓராண்டு வரை காய் நன்றாக இருக்கும்.

மின்சாரம் நின்றால்

நம் பகுதியில் இம்முறைக்கு உள்ள பெரிய இடையூறு இதுதான். நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறக்காமல் இருந்தால், 48 மணி நேரம் வரையிலும், பாதி நிறைந்தது 24 மணி நேரம் வரையிலும் குளிரைக் காக்கும் என்பது பொதுக் கணக்கு. நம் வெயிலில், பிரிட்ஜின் மேல்தட்டிற்கு இதில் பாதியைக் கணக்கில் வைப்பது பாதுகாப்பு. காலியிடம் இருந்தால் தண்ணீர்ப் புட்டிகளை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்து அடுக்குங்கள். அவையும் குளிரைத் தாங்கும்.

வீட்டில் ஆள் இல்லாதபோது மின்சாரம் நெடுநேரம் நின்றதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் ஒருமுறை உருகிப் பின் உறைந்திருக்கிறது. அந்தக் காய் உண்ணத் தக்கதன்று. காயில் பனித்துகள் இன்னும் எஞ்சியிருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம், சுவை சற்றுக் குறையும். உருகி வெதுவெதுப்பாகிவிட்டதைக் குப்பைக்குழியில் சேர்ப்பதே நல்லது. உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. உருகியதும் அவை விழித்துக் கொள்ளும்.

2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது காவிரி டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்நிலையில் எந்தப் பெட்டியும் உதவாது. ஆகவே கடலோர மாவட்டத்தினர் ஐப்பசி பிறப்பதற்குள் பெட்டியில் உள்ளதைத் தீர்த்துக் கொள்வது நல்லது. வற்றல் பானையை எவரும் கைவிட வேண்டாம்.

மின்சாரத்தை நம்ப முடியவில்லை என்பதற்காகக் காய்களைக் கண்ணாடிப் புட்டியில் நீருடன் அடைத்துக் கொதிக்க வைத்து மூடி வைக்கும் முறையில் இறங்கிவிடாதீர்கள். புளிப்பில்லாத காய்களில் இது உயிருக்கே ஆபத்தானது. பாட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத மூடிய புட்டிக்குள் முளைத்துப் பெருகும். வாடையோ நிறமாற்றமோ இல்லாமலும் நஞ்சு இருக்கலாம். அவற்றை அழிக்க அழுத்தத்துடன் கூடிய 116 முதல் 121 டிகிரி வெப்பம் வேண்டும். வீட்டுப் பிரஷர் குக்கரை அதற்கு நம்பக் கூடாது.

சமைக்கும்போது

உறைந்த காயை வெளியில் வைத்து உருக விட வேண்டாம். கொதிக்கும் குழம்பிலோ சிறிதளவு கொதிநீரிலோ நேராகப் போடுங்கள். முன்னரே வெந்நீர் கண்டிருப்பதால் புதிய காயைவிடச் சற்று விரைவில் வேகும். புளியும் உப்பும் வெந்த பிறகு சேர்க்கவும். வெந்நீர்ப் பதம் என்பது சமையல் ஆகாது. ஆகவே உறைந்த மொச்சையையும் பட்டாணியையும் நன்கு வேக வைத்தே உண்ண வேண்டும். குழந்தைகள் அப்படியே எடுத்து மென்று தின்ன விடக் கூடாது. கீரையை மட்டும் பாதி இளகியதும் உதிர்த்துப் போட்டால் சீராக வேகும்.

வீட்டுத் தேவைக்கு மேல் செய்து அக்கம்பக்கத்தில் விற்க விரும்புவோர் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாங்குபவர் வீடு வரை காய் இளகாமல் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக் கொள்ளுங்கள்.