மின்சார பைக்கின் பற்றரி: சார்ஜ் செய்வதும் பேணுவதும்

இந்தப் பாடத்தைப் படித்தபின், உங்கள் பைக்கில் உள்ளது எந்த வகைப் பற்றரி, அதை எங்கே, எப்போது சார்ஜ் செய்வது, எந்த அறிகுறி கண்டால் உடனே நிறுத்துவது என்பவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வீட்டில் பைக் ஓட்டுபவர் மட்டுமல்ல, சார்ஜரைச் செருகுகிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

ஏன் இந்தப் பாடம்?

2006 ஏப்ரலில் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் பல வருடங்கள் முகாம்களில் இருந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில் சொந்தக் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கின. ஊர் திரும்பும் எந்தக் குடும்பத்துக்கும் காணிக்கு அடுத்த கேள்வி போக்குவரத்துத்தான். மூதூர் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர வேண்டும். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. மின்சார பைக்குக்குப் பெற்றோல் வேண்டாம். ஆனால் அதன் பற்றரி விலைகூடிய பாகம். பெற்றோலில் மிச்சம் பிடித்த காசு புதுப் பற்றரிக்குப் போய்விடாமல் பார்ப்பது உங்கள் கையில் உள்ளது.

பற்றரியின் ஆயுளைக் குறைப்பவை மூன்று: வெறுமையாகக் கிடப்பது, சூடு, பிழையான சார்ஜர்.

முதலில் வகையை அறியுங்கள்

பற்றரியின் மேல் ஒட்டியுள்ள லேபலைப் பாருங்கள்.

ஈய அமிலப் பற்றரி பாரமானது. 48 வோல்ட் பைக்கில் பெரும்பாலும் 12 வோல்ட் பற்றரிகள் நான்கு இருக்கும். இதை ஓடி முடிந்த அன்றே சார்ஜில் போட வேண்டும். சார்ஜ் இறங்கியபடியே நாட்கணக்கில் விட்டால் உள்ளே உள்ள ஈயத் தகடுகளில் உப்புப் போன்ற படிவு இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தாலும் பழைய தூரம் ஓடாது.

லிதியம் பற்றரி பாரம் குறைந்தது. இதைத் தினமும் முழுதாக நிரப்ப வேண்டியதில்லை. முற்றாக இறங்கும் வரை ஓட்டாமல், கால்வாசி மிச்சம் இருக்கும்போதே சார்ஜ் செய்வது நல்லது.

சார்ஜரை மாற்றாதீர்கள்

பக்கத்து வீட்டுச் சார்ஜரின் பிளக் பொருந்துகிறது என்பதற்காக அதைப் பாவிக்க வேண்டாம். 48 வோல்ட் ஈய அமிலப் பற்றரிக்கான சார்ஜர் ஏறத்தாழ 58 வோல்ட் வரை கொடுக்கும். சாதாரண 48 வோல்ட் லிதியம் பற்றரிகளில் பல 54.6 வோல்ட்டுடன் நிற்க வேண்டியவை. அதற்கு மேல் ஏற்றினால் பற்றரி வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும். சார்ஜர் பழுதானால், பற்றரி லேபலைக் கடையில் காட்டி அதற்குரியதையே வாங்குங்கள்.

எங்கே, எப்போது சார்ஜ் செய்வது?

1. தகரக் கொட்டிலுக்கு ஒரே வாசல் என்றால் அந்த வாசலில் சார்ஜ் போடவே கூடாது. அங்கே தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியேற வழியில்லை. நிழலும் காற்றும் உள்ள விறாந்தையில், சீமெந்துத் தரையில் வையுங்கள்.
2. பாய், மெத்தை, துணி, ஓலை, மண்ணெண்ணெய் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளியேறலாம். ஆகவே அடுப்பு, நுளம்புத்திரி, குப்பி விளக்கு ஆகியவற்றையும் தள்ளி வையுங்கள்.
3. ஓடி வந்தவுடன் பற்றரி சூடாக இருக்கும். அரை மணித்தியாலம் ஆற விட்டுச் செருகுங்கள்.
4. எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் ஓட விடாதீர்கள். மாலையில் போட்டது முடியாவிட்டால் படுக்கும் முன் கழற்றி, காலையில் மீதியை ஏற்றுங்கள். இதனால் பற்றரி கெடாது.
5. சுவரில் உள்ள பிளக்கில் நேரே செருகுங்கள். ஒட்டுப்போட்ட வயரும் ஒரே மல்ட்டி பிளக்கில் பல சாமான்களும் வேண்டாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லையா?

48 வோல்ட், 12 அம்பியர் மணி பற்றரி ஒன்று நிரம்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ முக்கால் யூனிற் மின்சாரம் போதும். ஆனால் வீட்டு வெளிச்சத்துக்குத் தரும் 50 வாற்ஸ் சூரியத் தகட்டால் நல்ல வெயில் நாளிலும் அதில் பாதிகூடக் கிடைப்பது கடினம். அதில் பைக்கை மாட்டினால் இரவு விளக்கும் எரியாது. கரண்ட் உள்ள உறவினர் வீட்டில் பகலில் சார்ஜ் செய்து, யூனிற் கணக்குப்படி காசைக் கொடுத்துவிடுங்கள். லைனில் களவாகக் கொக்கி போடுவது உயிருக்கு ஆபத்து.

கச்சான் காலமும் மாரி காலமும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பைக்கை வெயிலில் விடாதீர்கள். ஈய அமிலப் பற்றரியின் வெப்பம் வழமையைவிட 10 பாகை கூடியே இருந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு.

கடற்கரையில் ஓடும் பைக்கில் உப்புப் படியும். கிழமைக்கு ஒருமுறை, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பிழிந்த ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். குழாயால் தண்ணீர் பீச்ச வேண்டாம்.

மாரியில் வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியை, வெளியே காய்ந்திருந்தாலும், சார்ஜில் போடாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

காணிக்கும் முகாமுக்கும் இடையில் அலையும்போது

பைக் ஒரு மாதத்துக்கு மேல் நிற்குமானால், ஈய அமிலப் பற்றரியை முழுதாக நிரப்பி வைத்து, மாதம் ஒருமுறை மீண்டும் நிரப்புங்கள். லிதியம் பற்றரியைப் பாதியளவு சார்ஜுடன் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பல மாதம் கிடந்து முற்றாக இறங்கிய லிதியம் பற்றரியை வேறு வழியில் உயிர்ப்பிக்க முயல வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

வீக்கம், புகை, சீறும் சத்தம், வழமையில்லாத மணம், கை வைக்க முடியாத சூடு. பாதுகாப்பாக முடிந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே கொண்டு போங்கள். சாமான் எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீர்கள். சுட்ட காயத்தின் மேல் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள்; பற்பசை பூச வேண்டாம். அம்புலன்சுக்கு 1990.

பழைய பற்றரி

உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம். ஈயம் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இறைத்துத் துப்புரவாக்கிய கிணற்றுக்குப் பக்கத்தில் போடாமல், வாங்கிய கடையிலோ பழைய பற்றரி எடுப்பவரிடமோ கொடுங்கள்.

குடும்பமாகப் பேசுங்கள்

- நம் வீட்டில் சார்ஜ் போடும் இடம் எது? அங்கே தீப்பிடித்தால் எந்த வழியால் வெளியேறுவோம்?
- படுக்கும் முன் பிளக்கைக் கழற்றுவது யாருடைய பொறுப்பு?
- நம் பற்றரி எந்த வகை? சார்ஜர் லேபலும் பற்றரி லேபலும் பொருந்துகின்றனவா?